நான்காவது வரியில் என் கையெழுத்து இல்லை

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் சகோதரிகளுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொடுத்த தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். "கண்ணாடி எடுத்துட்டு வரல, வீட்டுக்குப் போய்ப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது. நான்கு வரியையும் நின்ற இடத்திலேயே படித்துவிட்டேன். அத்தனை பேருக்கு எதிரில் மறுத்துப் பேச அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாளாக அது மனதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

குடியரசு நாளுக்குள் பிரதமருக்குப் போய்ச் சேர வேண்டிய மனு அது. முதல் வரி, எல்லையில் நிற்கும் வீரர்களுக்கு வணக்கம். இரண்டாவது, 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் கொல்லப்பட்ட 26 பேரின் குடும்பங்களுக்கு ஆறுதல். மூன்றாவது, கொன்றவர்களையும் ஏவியவர்களையும் அரசு விடாமல் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை. இந்த மூன்றுக்கும் கீழே இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். நான்காவது வரி இது: "அடுத்த முறை தாக்கினால் நான்கு நாளில் நிறுத்தக் கூடாது, பாகிஸ்தானை முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்."

"முடித்துவிட்டு" என்ற அந்தச் சொல்லில்தான் என் கை நின்றுபோயிற்று.

என்னைச் சண்டைக்குப் பயந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். 34 வருஷம் ஆவடி குளோதிங் பேக்டரியில் தையல் மெஷின் ஓட்டியவள் நான். எனக்குச் சோறு போட்டது ராணுவச் சீருடை. உங்களில் பாதிப் பேருக்கு டேங்க் பேக்டரிச் சம்பளம், மீதிப் பேரில் சிலருக்கு இன்ஜின் பேக்டரி, சி.வி.ஆர்.டி.இ., ஏர்போர்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் போட்டிருக்கும் நம் தம்பி கடைந்து அனுப்பும் உருப்படிகளும் கடைசியில் ஏதாவது ஒரு டேங்கில்தான் போய் உட்காருகின்றன. ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா என்பதன் சுருக்கமே ஆவடி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஊர்ப்பெயர் அதற்கெல்லாம் மூத்தது. ஆனாலும் அந்தக் கதை ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் ராணுவத்தின் சம்பளம் தொடாத தெரு இல்லை.

கோபமும் எனக்கு உண்டு. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் சிதறினார்கள். அதில் இருவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்: கோவில்பட்டிப் பக்கம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர்ப் பக்கம் கார்குடி சிவச்சந்திரன். அடுத்த நாள் காலை ஆவடி சி.ஆர்.பி.எஃப். வளாகத்து மதிலை ஒட்டி நடந்தபோது எனக்கு மூச்சு அடைத்தது. அன்றைக்கு யாராவது என்னிடம் இந்தத் தாளை நீட்டியிருந்தால் நான்காவது வரியிலும் போட்டிருப்பேன். அதனால்தான், கோபம் அடங்கியிருக்கும் நாளில் இதைப் பேச வேண்டும் என்கிறேன்.

"முடிச்சுட்டு வந்துடலாம்" என்ற பேச்சை நான் முதலில் கேட்டது 1987இல். அப்போது எனக்கு வேலையில் நாலு வருஷம்தான் அனுபவம். அக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க அமைதிப்படை இறங்கியது. சில நாள் வேலை என்றுதான் பேக்டரிக் கேன்டீன் வரைக்கும் பேசிக்கொண்டார்கள். எதிரில் இருந்தது ஒரு நாடுகூட இல்லை. அணுகுண்டு இல்லை, விமானப்படை இல்லை, ஓர் இயக்கம். கடைசிச் சிப்பாய் கப்பல் ஏறியது 1990 மார்ச்சில். நம் பக்கம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அங்கே செத்த நம் இனத்துச் சனத்தின் கணக்கைச் சொல்லவே மனம் வரவில்லை. அது அதோடும் முடியவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையில் வந்து நின்றது.

நாம் நடக்கும் இந்த ஏரியிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் நேரே போனால் கரையான்சாவடி. அங்கே இருக்கும் சிறப்பு நீதிமன்றத்தில்தான் அந்தக் கொலை வழக்கு நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நாலு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூன்று பேருக்கு ஆயுளாக்கியது, 19 பேரை வெளியே விட்டது. ஏழு வருஷம் விசாரித்து, சாட்சி கேட்டு, காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகும் 26இல் 22 பேரின் தூக்கு நிற்கவில்லை. ஏவுகணை போய் விழுந்தபின் திருப்பிக் கேட்க ஒரு மேல்கோர்ட் கிடையாது. பூந்தமல்லி பஸ்ஸில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

இப்போது கார்கில். இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் நம் சுபேதார் அண்ணன் அங்கே இருந்தவர்.

1999 ஜூனில் எங்களுக்கு ஓவர்டைம். கட்டிங்கிலிருந்து பண்டில் பண்டிலாக வரும். ஒரு பண்டிலில் முன்பக்கம், முதுகு, கை, காலர், பாக்கெட் மூடி, எல்லாத் துண்டிலும் ஒரே நம்பர் குத்தியிருக்கும். நம்பர் மாறினால் சாயம் மாறும். ஒரே சட்டையில் இரண்டு பச்சை தெரியும். இன்ஸ்பெக்டர் தூக்கிப் போட்டுவிடுவார். நான் அப்போது பாக்கெட் வைத்துக்கொண்டிருந்தேன். மார்புப் பாக்கெட்டின் மூடி இரண்டு முனையிலும் மூன்று முறை போய் வந்து தைக்க வேண்டும். மலையில் ஊர்ந்து ஏறும்போது பாறை உரசிப் பிய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. அளவு நம்பரைப் பார்த்தாலே ஆள் எப்படி இருப்பான் என்று மனதில் வந்துவிடும். சின்ன அளவுகள் வரும்போது பக்கத்து மெஷின் அக்கா, "இது கூர்க்காப் பையன்டி, இல்லாட்டி நம்ம ஊரு பையன்" என்பார். அப்படி ஒரு பாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் திருச்சி மேஜர் சரவணன் படாலிக்கில் விழுந்த செய்தி வந்தது. மே 29 அன்று விழுந்தார். அவர் உடல் மலையிலிருந்து கீழே வர ஜூலை ஆகிவிட்டது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் திருச்சியில் ஒரு வீடு காத்துக் கிடந்தது.

அந்தப் போரில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு கட்டளையில் உறுதியாக நின்றது: கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது. தரைப்படைக்கும் அதுதான், விமானப்படைக்கும் அதுதான். பின்பக்கம் சுற்றிப் போய் எதிரியின் உணவு வழியை அறுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தாண்டக் கூடாது என்பதால் நேர் எதிரே, மேலேயிருந்து சுடுகிறவனைப் பார்த்து, செங்குத்துப் பாறையில் ஏறினார்கள். 527 பேர் இறந்தார்கள். சுபேதார் அண்ணன் ஒரு நாள் சொன்னார்: "தாண்ட விட்டிருந்தா என் பசங்கள்ல பாதிப் பேரு இன்னைக்கு இருந்திருப்பானுங்கம்மா." அன்றைக்கு நீங்கள் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடக்கத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுத்தவர்கள் அந்தப் பையன்கள். அந்தக் கணக்கை அண்ணனுக்குச் சமாதானமாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஆனாலும் அண்ணே, ஒன்று சொல்கிறேன். அதற்கு முந்தின வருஷம்தான், 1998 மே மாதத்தில், நாம் போக்ரானிலும் அவர்கள் சாகாயிலும் குண்டு வெடித்துக் காட்டியிருந்தோம். இரண்டு அணு ஆயுத நாடுகள் நேருக்கு நேர் மலையில் சுட்டுக்கொள்வதை உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நாம் கோட்டைத் தாண்டவில்லை என்பதால் யார் அத்துமீறியவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜூலை 4 அன்று நவாஸ் ஷெரீஃப் வாஷிங்டனுக்கு ஓடினார். கிளிண்டன் அவரிடம் படையைப் பின்வாங்கச் சொன்னார். ஜூலை 26க்குள் மலைகள் நம் கைக்கு வந்தன. இந்தியா எதை மீட்கப் போனதோ அதை மீட்டது, அங்கேயே நின்றது. "முடித்துவிட்டு" வரப் போயிருந்தால் அந்த 527 எந்த எண்ணில் போய் நின்றிருக்கும் என்று அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2008 மும்பையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 166 பேர் செத்தார்கள், அரசு விமானம் அனுப்பவில்லை. அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த சிவசங்கர் மேனன், உடனே திருப்பி அடிக்க வேண்டும் என்றுதான் தானும் முதலில் வலியுறுத்தியதாகவும், பிறகு யோசித்தபோது அடிக்காமல் விட்டதே சரி என்று பட்டதாகவும் பின்னாளில் எழுதினார். தாக்கியவர்களில் கசாப் மட்டும் உயிரோடு பிடிபட்டான், வழக்கு நடந்தது, 2012 நவம்பர் 21 அன்று தூக்கிலிடப்பட்டான். சதியில் பங்கு உள்ளதாகக் குற்றம் சாட்டப்பட்ட ராணாவை 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தோம். "பெரிய தலைகள் அங்கே சுகமா இருக்கானுங்களே அக்கா?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறார்கள். பொறுமை அவர்களைத் தடுக்கவில்லை. 2016இல் பதான்கோட் வந்தது, உரி வந்தது. இதை நான் மறைக்கவில்லை.

உங்கள் வாதத்தின் வலுவான பகுதி அங்கேதான் இருக்கிறது. அதை நானே சொல்கிறேன். உரிக்குப் பிறகு, 2016 செப்டம்பர் 29 அன்று நம் வீரர்கள் கோட்டைத் தாண்டிப் போய் அடித்துவிட்டு வந்தார்கள். புல்வாமாவுக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 26 அன்று விமானம் பாலாகோட் வரை போனது. பஹல்காமுக்குப் பிறகு, 2025 மே 7 அன்று ஒன்பது இடங்களில் ஏவுகணை விழுந்தது. மூன்று முறை அடித்தோம், மூன்று முறையும் அணுகுண்டு விழவில்லை. ஆக, அணுகுண்டைக் காட்டி மிரட்டினாலும் அதற்குக் கீழே அடிப்பதற்கு இடம் இருக்கிறது. சுபேதார் அண்ணன் சொல்வது இதுதான். "குண்டு வெச்சிருக்கான்னு பயந்து உக்காந்தா, அவன் தினம் ஒருத்தனை அனுப்புவான்." சரிதான் அண்ணே. அந்த இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இடத்தின் விளிம்பு எங்கே என்று யாருக்குத் தெரியும்? கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி இருட்டில் நடக்கிறோம். மூன்று சுற்று விழாமல் வந்துவிட்டோம் என்பதால் கிணறு தூர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் கால் வைக்கிறோம். 2016இல் நடந்து போன தூரம் கோட்டிலிருந்து சில கிலோமீட்டர். 2019இல் கைபர் பக்தூன்க்வா. 2025இல் அவர்களுடைய பஞ்சாபின் பஹவல்பூரும் முரித்கேயும். மே 10 விடியலில் ராவல்பிண்டியின் நூர் கான் விமானத் தளம், அதாவது அவர்களுடைய ராணுவத் தலைமையகம் இருக்கும் ஊர். அன்று காலை, அணு ஆயுத முடிவுகளை எடுக்கும் குழுவைப் பாகிஸ்தான் பிரதமர் கூட்டுகிறார் என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே அப்படி ஒரு கூட்டம் இல்லை என்றார். அந்த இரண்டு செய்திக்கும் நடுவில் நீங்களும் நானும் ஏரிக்கரையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பால்காரத் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, "என்னக்கா ஆவும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

"முடித்துவிடுவது" என்றால் விமானம் போதாது. டேங்க் போக வேண்டும், தரையில், எல்லையைத் தாண்டி. அதற்குத்தானே நம் ஊரில் டேங்க் செய்கிறோம். 1965இல் விஜயந்தா வெளிவந்ததிலிருந்து அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று எத்தனையோ வண்டிகள் தார்ப்பாய் போர்த்தி ஆவடியிலிருந்து ரயிலேறிப் போனதைப் பார்த்திருக்கிறோம். இதையே எண்ணித்தான் பாகிஸ்தான் 2011இல் நஸ்ர் என்ற குட்டி ஏவுகணையைச் சோதித்தது. அது பாயும் தூரம் 60, 70 கிலோமீட்டர்தான். தில்லிக்கோ மும்பைக்கோ அது வராது. தன் மண்ணுக்குள் நுழையும் இந்திய டேங்க் வரிசைமேல் சின்ன அணுகுண்டு போடவே அதைச் செய்தார்கள். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. முதலில் அணுகுண்டைப் பயன்படுத்த மாட்டோம் என்று நாம் உறுதி கொடுத்திருக்கிறோம். அவர்கள் அப்படி எந்த உறுதியும் தரவில்லை.

இப்போது நம் பக்கத்து விதி. 2003 ஜனவரியில் அரசு வெளியிட்ட அணு ஆயுதக் கொள்கையில் இருக்கிறது: இந்திய மண்மீதோ, எந்த இடத்திலும் இந்தியப் படைமீதோ அணு ஆயுதம் விழுந்தால் பதிலடி மிகப் பெரியதாக, தாங்க முடியாததாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் பேக்டரியில் வெல்டு வைத்த டேங்குகள் சிந்துவிலோ பஞ்சாபிலோ 50 கிலோமீட்டர் உள்ளே போகின்றன. அவற்றின்மேல் ஒரு சின்னக் குண்டு விழுகிறது. நம் விதிப்படி நாம் அவர்களுடைய நகரங்களை அழிக்கிறோம். அவர்களிடம் மிச்சம் இருப்பது நம் நகரங்களுக்கு வருகிறது. இரு பக்கமும் தலா 170, 180 அளவில் வைத்திருப்பதாக ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நான்காவது வரி போகும் பாதை இதுதான். நடுவில் யாராவது புத்தியோடு நிறுத்துவார்கள் என்று நம்பலாம். ஆனால் அந்த வரியே "நிறுத்தக் கூடாது" என்றுதானே சொல்கிறது?

"தெற்கே நமக்கு என்ன அக்கா, அதெல்லாம் தில்லிக்காரன் தலைவலி" என்று லேத் தம்பி சொன்னான். தம்பி, அவர்களுடைய ஷாஹீன் மூன்று ஏவுகணை 2,750 கிலோமீட்டர் போகும். அந்தமான் வரை எட்டவே அதைச் செய்தோம் என்று அவர்களே சொன்னார்கள். சென்னை அதற்குள் அடக்கம். சென்னைக்குள் ஒரு குறி என்றால் டேங்க் பேக்டரியும் விமானப்படைத் தளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊரை யார் விட்டுவைப்பார்கள்? ஹிரோஷிமாவில் விழுந்தது இன்றைய கணக்கில் சின்னக் குண்டு. அங்கே 2 கிலோமீட்டர் சுற்றில் அநேகமாக எல்லாமே இடிந்து எரிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். ஆவடி ரயில் நிலையத்தில் ஒரு கயிற்றின் முனையைப் பிடித்து 2 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சி.டி.எச். ரோட்டின் கடைகள், பள்ளிக்கூடங்கள். வட்டத்துக்கு வெளியே வெந்தவர்களை எங்கே கொண்டுபோவோம்? தீக்காயம் என்றால் நமக்குக் கீழ்ப்பாக்கம்தான். தீபாவளி பட்டாசுக் காயத்துக்கே அங்கே ஒவ்வொரு வருஷமும் தனி வார்டு ஒதுக்குகிறார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே நடந்துவிடும் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. 2019 பிப்ரவரி 27 அன்று நம் விமானி அபிநந்தன் பிடிபட்ட அதே காலை, பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படைக்காரர்கள் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு நடந்துவிட்டது என்று விமானப்படைத் தளபதியே பிறகு ஒப்புக்கொண்டார். 2022 மார்ச் 9 அன்று நம் பிரமோஸ் ஒன்று தவறிக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. மூன்று அதிகாரிகளை அரசு வேலையைவிட்டு நீக்கியது. அன்று எல்லை அமைதியாக இருந்தது, அதனால் அவர்கள் பொறுத்தார்கள். அதே ஏவுகணை 2025 மே 9 இரவு தவறிக் கிளம்பியிருந்தால் யார் அதைத் தவறு என்று நம்பியிருப்பார்கள்?

அபிநந்தன் மார்ச் 1 இரவு வாகா வழியாக நடந்து வந்தபோது நாமெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதோம், நினைவிருக்கிறதா? தாம்பரம் பக்கத்துப் பிள்ளை என்று நம் வீட்டுப் பையன்போல ஆரத்தி எடுக்காத குறைதான். அவர் வந்தது இரண்டு பக்கமும் அன்றைக்கு நிறுத்திக்கொண்டதால். "நிறுத்தாதே" என்று அன்று ஒரு மனு போயிருந்து, அதை அரசு கேட்டிருந்தால், அவரது பெற்றோர் யாரைக் கூட்டிவர தில்லி விமானம் ஏறியிருப்பார்கள்?

எல்லையோரத்துப் பூஞ்ச் நகரத்தையும் கொஞ்சம் நினையுங்கள். 2025 மே 7 அதிகாலையில் நாம் எழுந்து செய்தியைப் பார்த்து மகிழ்ந்தபோது பூஞ்ச் நகரத்தில் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. வீடுகள், கடைகள், குருத்வாரா. அன்றைக்கு மிக அதிகமாகச் செத்த பொதுமக்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். குழந்தைகளும் அதில் உண்டு. அவர்கள் நம் நாட்டுக்காரர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். அதே நாளில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. சைரன் ஊதி, படுத்துக் காட்டி, எழுந்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். நமக்கு ஒத்திகை, அவர்களுக்கு நிஜம். அடி கொடு என்று கேட்கிறவன் ஆவடியில் இருக்கிறான், திருப்பி விழும் அடியை வாங்குகிறவன் பூஞ்சில் இருக்கிறான். இந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் பூஞ்சில் நாலு வீட்டில் கேட்டோமா?

அந்த மே மாதத்திலேயே அரசு ஒரு புது விதி சொன்னது: இனி எந்தப் பயங்கரவாதத் தாக்குதலையும் போராகவே எடுத்துக்கொள்வோம். நவம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டை பக்கத்தில் கார் வெடித்துப் பலர் இறந்தார்கள். விமானம் கிளம்பவில்லை. என்.ஐ.ஏ. வந்தது, கைது நடந்தது, விசாரணை தொடங்கியது. அன்று உங்களில் இருவர், "இது என்ன கோழைத்தனம்" என்று கோபப்பட்டீர்கள். நான் அரசியல் பேசுகிறவள் இல்லை, இந்த அரசுக்கு ஓட்டுப் போட்டேனா இல்லையா என்பதும் இங்கே வேண்டாம். ஆனால் மே மாதம் அடித்த அதே கைதான் நவம்பரில் தாழ்ந்து நின்றது. அடிக்கவும் அதிகாரம் இருந்து, கோபமும் இருந்து, கூட்டமும் கத்தும்போது நிதானித்து ஆதாரம் தேடுவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும். அந்தக் கைக்கு நாம் பலம் கொடுக்க வேண்டிய நேரத்தில், நம் மனு பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்யும் அறிவும் தகவலும் எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அடிக்கும்போதே எப்படி நிறுத்துவது என்று தெரிந்துதான் அடிக்க வேண்டும் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். மே 10 அன்று எப்படி நின்றது? மாலை 3.35க்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைவர் நம் ராணுவ நடவடிக்கைத் தலைவருக்குப் போன் செய்தார். 5 மணியிலிருந்து சுடுவதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். 88 மணி நேரச் சண்டையை ஒரு தொலைபேசிக் கம்பி நிறுத்தியது. அந்தக் கம்பி இரண்டு நாட்டுக்கும் நடுவில் பல வருஷமாக இருக்கிறது, எந்தப் பகையிலும் அதை யாரும் அறுக்கவில்லை. அதேபோல, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் இரு நாடுகளும் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் வந்தது, மும்பை வந்தது, புல்வாமா வந்தது. அந்தப் பட்டியல் ஒரு வருஷம்கூடத் தவறாமல் போயிருக்கிறது. கல்பாக்கமும் நம் பக்கம்தான் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

அதனால் ஒரு யோசனை. முதல் மூன்று வரிகள் அப்படியே இருக்கட்டும். நான்காவதை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: பூஞ்சிலும் எல்லையோரத்து மற்ற ஊர்களிலும் வீட்டுக்கு வீடு பதுங்குகுழி கட்டிக்கொடுங்கள், இடிந்த வீடுகளுக்கு முழு இழப்பீடு கொடுங்கள், அந்தத் தொலைபேசிக் கம்பியை எந்தக் காலத்திலும் அறுக்காதீர்கள். இழப்பீட்டுக்கு அரசை மட்டும் கேட்டுவிட்டு நிற்க வேண்டாம். நாமும் கொஞ்சம் சேர்த்து அனுப்புவோம். என் பங்கு இரண்டாயிரம் ரூபாய். இந்தக் கடிதத்தோடேயே வைத்திருக்கிறேன்.

சுபேதார் அண்ணன் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். அவர் மறுத்துச் சொல்வதை உட்கார்ந்து முழுதும் கேட்பேன். கார்கிலில் அவர் போட்டிருந்த சட்டையின் பாக்கெட்டை நானே தைத்திருக்கலாம் என்று ஒரு நாள் சொன்னேன். "பாக்கெட் பிய்யலம்மா" என்றார். அந்த நன்றியிலும் உரிமையிலும்தான் அவரிடம் இவ்வளவு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வழக்கமான சிமெண்டு பெஞ்சுக்கு வருகிறேன். தாளைத் திருத்தி எடுத்து வாருங்கள். கண்ணாடியும் பேனாவும் இந்த முறை கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டெய்லர் அக்கா,
பருத்திப்பட்டு, ஆவடி